ஹீட்டர் இல்லாத வண்டிக்கு ஒரு பொட்டு

ஜனவரி காலையில் காரின் கண்ணாடியில் உறைந்திருக்கும் பனியைச் சுரண்டிக்கொண்டு நிற்கும்போதெல்லாம் எனக்கு ஒரே கோபம்தான் வரும். என் காரில் ஹீட்டர் உண்டு, சீட்டுக்குக்கூடத் தனியாகச் சூடு உண்டு. அது வாசலில் பனியில் நிற்கிறது. கராஜுக்குள்ளே சுவரில் ஹீட்டர் மாட்டி, ஈரப்பதம் பார்க்க ஒரு கருவி வைத்து, பருத்தித் துணியால் போர்த்திய ஒரு வண்டி சுகமாகத் தூங்குகிறது. அந்த வண்டியில் ஹீட்டர் கிடையாது. தொழிற்சாலையிலேயே வைக்கவில்லை. வைக்காமல் விட்டதுதான் அதன் பெருமை என்பார் என் வீட்டுக்காரர்.

அமெரிக்காவில், நியூ ஜெர்சி மாநிலத்து வெஸ்ட் வின்ட்சரில் எங்கள் தெருவில் பாதி வீடுகள் நம்மூர்க்காரர்களுடையவை. எல்லார் கராஜிலும் அரிசி மூட்டையும் பழைய சைக்கிளும் இருக்கும். எங்கள் வீட்டு அரிசி மூட்டை வரவேற்பறைச் சோபாவுக்குப் பின்னால் இருக்கிறது. வருகிறவர்கள் கேட்டால் சிரித்து மழுப்புவேன். அந்த வண்டியின் கதையை முதலிலிருந்து சொல்லிப் புரியவைக்கும் தெம்பு எனக்கு எப்போதோ போய்விட்டது. இங்கே ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகளில் இந்த நாட்டுக் கார் கம்பெனிகளுக்குள் ஒரு வீம்பு இருந்திருக்கிறது. நேரான சாலையில் இரண்டு கார்களை அக்கம்பக்கமாக நிறுத்தி, பச்சை விளக்கு எரிந்ததும் கால் மைல் தூரத்தை எது முதலில் கடக்கிறது என்று பார்ப்பார்கள். டிராக் ரேஸ் என்று பெயர். அதில் ஜெயிப்பதற்கென்றே கம்பெனிகள் தங்கள் தொழிற்சாலையிலேயே கொஞ்சம் கார்களைத் தனியாகச் செய்தன. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணக் குடும்பக் கார்தான். எடை குறைய வேண்டும் என்று முன்பக்கத் தகட்டை அலுமினியத்தில் மெல்லிசாக அடித்திருப்பார்கள். ரேடியோ கிடையாது, ஹீட்டர் கிடையாது, சிலவற்றில் பின் சீட்டும் கிடையாது. இத்தனை 'கிடையாது'களுக்காகத்தான் இன்றைக்கு அவற்றைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள்.

ஓட்டி ஓட்டி உடைத்ததுபோக மிஞ்சியவை மிகக் குறைவு. அவற்றைத் தேடிப் பிடித்து, நிஜமா போலியா என்று சோதித்து, யார் ஓட்டினார்கள், எங்கே அடிபட்டது என்பதையெல்லாம் பதிந்துவைக்கிற ஆட்கள் கொஞ்சம் பேர் இந்த நாடு முழுக்கச் சிதறி இருக்கிறார்கள். அந்தக் குழுவில் என் வீட்டுக்காரரும் ஒருவர். ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கிக்குக் கான்ட்ராக்டில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்த கோயம்புத்தூர்க்காரருக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். நான் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டேன்.

அவர்கள் சோதிக்கிற விதம்தான் விசித்திரம். இருப்பதைத் தேட மாட்டார்கள், இல்லாததைத் தேடுவார்கள். எஞ்சினுக்கும் உட்காருகிற இடத்துக்கும் நடுவே ஒரு தகடு இருக்கிறது. சாதாரணக் காரில் ஹீட்டர் குழாய் போவதற்கு அதில் ஓட்டை போட்டிருப்பார்கள். நிஜமான ரேஸ் வண்டியில் அந்த ஓட்டையே இருக்காது. பின்னாளில் யாராவது ஏமாற்றுவதற்காக ஓட்டையை அடைத்துப் பூசியிருந்தால் விரலுக்குத் தெரிந்துவிடுமாம். அதற்காக இவர் தரையில் மல்லாந்து படுத்து, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, கண்ணை மூடித் தகட்டைத் தடவுவார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட இவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கவில்லை.

குழுவுக்கு ஒரு விதி உண்டு. அதைப் போட்டவரும் மீறுகிறவர்களைத் தள்ளி நிறுத்துகிறவரும் இவர்தான். கடைசி ரேஸ் வரைக்கும் வண்டிக்கு நடந்தது வரலாறு, அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சேதம். ரேஸில் நசுங்கின கதவு வரலாறு, அதைத் தொடக் கூடாது. கராஜில் ஏணி விழுந்து நசுங்கினால் சேதம். வருடா வருடம் வசந்தத்தில் நடக்கும் கூட்டத்தில், யார் கையும் படாத வண்டிகளுக்கென்று தனி வரிசை போடுவார்கள். சேதம் இருந்தால் அந்த வரிசையில் இடமில்லை.

கலிஃபோர்னியாவில், பிளசன்டனில் ஒரு தமிழ்த் தம்பி இருக்கிறார், அதே குழுவில். அவருடைய வண்டியின் பானெட்டில் பறவை எச்சமிட்டுப் பெயின்ட் அரித்துவிட்டது. பார்க்கச் சகிக்காமல் அந்த இடத்துக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்துவிட்டார். இவர் அந்த வண்டியை வரிசையிலிருந்து தூக்கிவிட்டார். தம்பி போனில் எவ்வளவோ கெஞ்சினார். "பெயின்ட் போனா போனதுதான் தம்பி. ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்று இவர் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சொல்லிவிட்டு நிம்மதியாகத் தயிர்சாதம் சாப்பிட்டார்.

எங்கள் வண்டி தெற்கு ஜெர்சியில் ஒரு பண்ணை வீட்டுக் கொட்டகையில் கிடைத்தது. வெள்ளை நிறம். ரேஸ் ஓட்டியவர் கையால் எழுதிய எண் கதவில் அப்படியே இருந்தது. அறுபது வருடத்துப் பெயின்ட், சுண்ணாம்புச் சுவர் மாதிரி வறண்டு, தொட்டால் கையில் பொடி ஒட்டியது. டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிய அன்று இவர் சிரித்த சிரிப்பை எங்கள் மகளின் பட்டமளிப்பு விழாவில்கூட நான் பார்க்கவில்லை. மகள் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இட்ஸ் ஜஸ்ட் அ கார், அப்பா" என்றாள். அவள் அடுத்த முறை வீட்டுக்கு வரும்வரை இவருக்கு அந்தக் கோபம் ஆறவில்லை.

அதன் பிறகு அந்த வண்டியைப் பருத்திக் கையுறை போடாமல் யாரும் தொட முடியாது. துணியால் துடைக்கக் கூடாது, தூரிகையால் தூசி தட்ட வேண்டும். குழம்பு தாளிக்கும்போது கராஜ் கதவு சாத்தியிருக்க வேண்டும்.

இப்பேர்ப்பட்ட மனிதர்தான் அதைச் செய்தார்.

அக்டோபரில் ஆயுத பூஜை. எங்கள் வீட்டில் வழக்கமாக வாசலில் நடக்கும். வேட்டிக்கு மேலே குளிருக்கு ஜாக்கெட் மாட்டிக்கொண்டு, சந்தனக் கிண்ணமும் குங்குமமும் வைத்த தட்டோடு இவர் முன்னால் போவார். நான் மணியடித்துக்கொண்டு பின்னால் போவேன். என் காருக்குப் பொட்டு, அவர் காருக்குப் பொட்டு, பனி தள்ளும் மெஷினுக்கு, புல் வெட்டும் மெஷினுக்கு. அன்றைக்கும் அப்படித்தான். மெஷின்கள் கராஜ் வாசலில் இருந்தன. அவற்றை முடித்த கையோடு உள்ளே போனார், போர்வையின் முன்பக்கத்தைத் தூக்கினார், பானெட்டின் நடுவில் சந்தனத்தைக் குழைத்து வைத்து அதன்மேல் குங்குமத்தை அழுத்தினார், சூடம் காட்டினார், போர்வையை மறுபடி இழுத்துவிட்டார். கை தன் பாட்டுக்குச் செய்தது. அவரும் யோசிக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை. வண்டி என்றால் பொட்டு. அதற்கு மேல் அதில் யோசிக்க என்ன இருக்கிறது? உள்ளே போய்ச் சுண்டல் சாப்பிட்டோம்.

மறுநாள் விஜயதசமி. காலையில் வங்கியிலிருந்து கூப்பிட்டு, கான்ட்ராக்ட் முடிகிறது என்று சொல்லிவிட்டார்கள். இவ்வளவு வருடம் ரயிலேறிப் போன இடம், ஒரு சின்ன வீடியோ காலில் முடிந்துபோனது. அந்த வாரம் முழுக்க இவர் கராஜ் பக்கமே போகவில்லை. சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வெறித்துப் பார்த்தபடி இருந்தார்.

சனிக்கிழமை கராஜிலிருந்து "ஐயோ" என்று ஒரு சத்தம். கால்மேல் ஏதோ விழுந்துவிட்டது என்று நினைத்து ஓடினேன். போர்வையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். வறண்ட பெயின்ட் சந்தனத்தின் ஈரத்தையும் குங்குமத்தின் சாயத்தையும் குடித்துவிட்டிருந்தது. மேலே இருந்த தூள் தூரிகையோடு வந்துவிட்டது. கீழே ஒரு சிவப்பு வட்டமும் சுற்றிலும் வெளிர் மஞ்சள் வளையமும் நிரந்தரமாகத் தங்கிவிட்டன.

"ஏங்க, நெயில் பாலிஷ் ரிமூவர் போட்டுப் பாக்கலாமா?" என்று கேட்டேன். உதவி செய்கிற எண்ணத்தில்தான் கேட்டேன். அவர் பார்த்த பார்வையில் நான் சமையலறைக்குத் திரும்பிவிட்டேன்.

பாலிஷ் போட்டுத் தேய்த்தால் போகும், கூடவே பெயின்டும் போகும். தேய்த்தால் சேதம், தேய்க்காவிட்டாலும் சேதம். அவர் போட்ட விதி அவர் வண்டிமேலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. "நானே வச்சேம்மா. என் கையாலயே வச்சேன்" என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். வேலை போனதற்குக்கூட அவர் இப்படிப் புலம்பவில்லை. வசந்தத்தில் அந்த வண்டி தொடாத வரிசையில் நிற்கும் என்ற ஒன்றைத்தான் அவர் பல வருடமாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

குளிர்காலம் எப்படியோ நகர்ந்தது. நான் மருந்துக் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். இன்ஷூரன்ஸ் என் பேரில் மாறியது. இவர் இன்டர்வியூவுக்குச் சட்டை போட்டு மேஜைமுன் உட்காருவார், கேட்பவர்கள் எங்கள் மகளைவிடச் சின்னவர்களாக இருப்பார்கள். காலையில் பனி சுரண்டி வேலைக்குப் போய், மாலையில் திரும்பி, அந்த முகத்தைப் பார்க்க எனக்கு அலுப்பாக இருந்தது. அவர்மேல் அல்ல, எல்லாவற்றின்மேலும் அலுப்பு. நாள் முழுக்க அவரிடம் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. குழுவில் யாராவது ஒரு வண்டியைப் பற்றிச் சந்தேகம் கேட்டால் மட்டும் குரலில் உயிர் வரும்.

மார்ச்சில் டெக்சாஸ்காரர் வந்தார். குழுவை நடத்துகிறவர் அவர்தான். எழுபதைத் தாண்டிய அமெரிக்கர், முழங்கால் வலியோடு நடந்தார். எந்த வண்டியையும் அவர் நேரில் பார்த்துச் சொன்னால்தான் தொடாத வரிசையில் இடம். நான் கொடுத்த ஃபில்டர் காபியை ரசித்துக் குடித்துவிட்டு, என் யோகா பாயைக் கராஜ் தரையில் விரித்துப் படுத்தார். தகட்டைத் தடவினார். ஓட்டை இல்லை. எழுந்து நின்று முதுகை நிமிர்த்திக்கொண்டு, மிச்சப் போர்வையையும் எடுக்கச் சொன்னார்.

இவர் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தார். குளியலறையில் ஒத்திகை பார்த்தது எனக்குக் கேட்டது. தொண்டையைச் செருமினார். அதற்குள் டெக்சாஸ்காரர் பானெட்டைப் பார்த்து விசிலடித்தார்.

தொழிற்சாலையில் ஒவ்வொரு பாகத்தையும் சோதித்த தொழிலாளி, பார்த்தாயிற்று என்பதற்கு அடையாளமாக ஒரு சொட்டுக் கலர் வைப்பாராம். எஞ்சினடியில், சக்கரத்துக்குப் பின்னால் எல்லாம் அப்படிப் புள்ளிகள் கிடைக்கும். பானெட்டுக்கு மேலே இதுவரை யாரும் பார்த்ததில்லை. விற்கும் முன் துடைத்துவிடுவார்கள், இதை மட்டும் அவசரத்தில் துடைக்காமல் அனுப்பியிருக்கிறார்கள் என்றார். நின்ற இடத்திலேயே முழுக் கதையும் கட்டிவிட்டார். குனிந்து, நிமிர்ந்து, முழங்கால் வலியை மறந்து, விதவிதமாகப் போட்டோ எடுத்தார். இவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, இதை எங்களுக்காகக் காப்பாற்றி வைத்திருக்கிறாய் என்றார். நான் காபித் தட்டோடு நின்றேன்.

அவர் கார் தெருமுனை திரும்பியதும் கேட்டேன்.

"ஏங்க, சொல்லலையா?"

"அவர் எங்க பேச விட்டாரு?"

"ஷூ போடுற வரைக்கும் வாசல்ல நின்னாரே."

"விடும்மா. ஒரு பொட்டு. இதனால யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?" என்றார்.

நானும் விட்டுவிட்டேன். அக்டோபருக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் முகத்தில் வெளிச்சத்தைப் பார்த்தேன். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

போட்டோக்கள் குழுவுக்குள் சுற்றின. எங்கெங்கிருந்தோ வாழ்த்து வந்தது. இரண்டொரு நாளில் டெக்சாஸ்காரர் இன்னொன்று எழுதினார். யோசிக்க யோசிக்க ஞாபகம் வருகிறது, சின்ன வயதில் ஊரில் கார் விற்கும் கடையில் இதே மாதிரிச் சிவப்புப் புள்ளி வைத்த வெள்ளைக் கார் ஒன்றைப் பார்த்திருக்கிறேன் என்று. அதைப் படித்துவிட்டு இவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

அன்று மாலை பிளசன்டன் தம்பி கூப்பிட்டார். நான் சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தேன், இவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணா, நல்லா இருக்கீங்களா? அண்ணி சௌக்கியமா? போட்டோ பாத்தேண்ணா." ஒரு சின்னச் சிரிப்பு. "ஆயுத பூஜைக்கு வச்சதுதானே?"

இவர் போனின் சத்தத்தைக் குறைத்தார்.

"எங்க வேன்லயும் இதே கதைதாண்ணா, போன வருஷத்துக் கறை இன்னும் போகல. கவலையே படாதீங்க. குரூப்ல நம்ம ரெண்டு பேரை விட்டா யாருக்குத் தெரியப்போவுது? நான் வாயே தொறக்க மாட்டேன். என் வண்டிய மட்டும் இன்னொரு வாட்டி கன்சிடர் பண்ணுங்கண்ணா. பறவை எச்சம்தானே. நானா வேணும்னு பண்ணேன்?"

"பாக்கலாம் தம்பி" என்று வைத்துவிட்டார்.

தம்பியைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் கேட்டதில் நியாயமும் இருந்தது. சப்பாத்தி ஆறிக்கொண்டிருந்தது. இவர் கை வைக்கவில்லை.

"அவன் சொல்லிடுவான்னு பயமா?" என்று கேட்டேன்.

"அவன் சொல்ல மாட்டான். அதாம்மா பயமா இருக்கு." தட்டைத் தள்ளி வைத்தார். "நான் அக்டோபர்ல வச்ச பொட்டை அந்த மனுஷன் சின்ன வயசுல பாத்திருக்காரு. இப்பவே ஞாபகம் வர ஆரம்பிச்சாச்சு. இன்னும் கொஞ்ச நாள்ல போலி வண்டிக்காரன் எல்லாம் பானெட்ல செவப்பு வைப்பான். அதை வச்சுத்தான் நிஜம்னு சொல்லுவாங்க. பொட்டு இல்லாத நிஜ வண்டிய இவங்களே போலின்னு தூக்கிப் போடுவாங்க. இத்தன வருஷம் படுத்துப் படுத்துத் தடவினதெல்லாம் எதுக்கு?"

எனக்கு அந்த வண்டிகளைப் பற்றி அக்கறை இல்லை. ஆனாலும் அவர் தள்ளி வைத்த தட்டை மறுபடி அவர் பக்கம் நகர்த்தினேன். "அப்ப சொல்லிடுங்க" என்றேன். "வரிசை போனா போகட்டும்."

"வரிசை மட்டுமா போகும்?" என்றார். எனக்கு அது புரிந்தது. அவரிடம் சந்தேகம் கேட்க இனி யார் வருவார்கள் என்பதுதான் அது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் குழுவின் வீடியோ கால். இன்டர்வியூ சட்டையைப் போட்டுக்கொண்டார். பூஜை அலமாரியிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்துத் தரும்படி என்னிடம் கேட்டார். காமிராவுக்கு முன்னால் அதைத் திறந்து காட்டி, இது என்ன, எதற்கு வைப்போம், எந்த மாதம் தான் வைத்தது, தான் ஏன் டெக்சாஸ்காரர் முன்னால் அன்று வாயைத் திறக்கவில்லை என்பதை எல்லாம் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. பிளசன்டன் தம்பி தன் கட்டத்துக்குள் குனிந்துகொண்டார்.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. டெக்சாஸ்காரர் மட்டும், "ஆனால் எனக்கு ஞாபகம் இருக்கிறதே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சாவி வைத்த இடத்தில் சாவி இல்லாதபோது சொல்வது போலச் சொன்னார். அந்தக் கார் கடை, வெயில், அந்தச் சிவப்பு, எல்லாம் இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது என்றார். இவர் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு வயதானவரின் ஞாபகத்தில் கை வைத்துவிட்டோமே என்று அதன் பிறகு பல நாள் சொல்லிச் சொல்லி வருந்தினார்.

வண்டி தொடாத வரிசைக்கு வராது என்று இவரே சொல்லிவிட்டார். பிளசன்டன் வண்டியும் வராது. ஆனால் பானெட்டில் இருப்பது குங்குமம், உரிமையாளர் வைத்தது, ரேஸ் எல்லாம் முடிந்து எத்தனையோ காலத்துக்குப் பின் வைத்தது என்று வண்டியின் வரலாற்றில் எழுதியே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். இதுவரை சேதத்தை யாரும் எழுதியதில்லை, வண்டியைத் தள்ளி நிறுத்துவதோடு சரி. எழுதாவிட்டால் பின்னால் எவனோ ஒருவன் மறுபடி இதைக் கண்டுபிடிப்பான் என்றார் இவர். தம்பி தலையை நிமிர்த்தி, "அப்போ என்னோட பறவை எச்சத்தையும் எழுதுங்கண்ணா" என்றார். எழுதினார்கள்.

வசந்தக் கூட்டத்தில் எங்கள் வண்டி சாதாரண வரிசையின் கோடியில் நின்றது. மடக்கு நாற்காலியில் நான் புளியோதரை டப்பாவோடு உட்கார்ந்திருந்தேன். வந்தவர்களுக்கெல்லாம் இவர் பொட்டின் கதையைச் சொன்னார். சிலர் சிரித்தார்கள், சிலர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனார்கள். பிறகு குழுவிலிருந்து போன் வருவது குறைந்தது. டெக்சாஸ்காரர் கூட்டத்துக்கு வரவில்லை, எழுதவும் இல்லை. முழங்கால் என்று மற்றவர்கள் சொன்னார்கள். இவர் நம்பவில்லை. கோடையில் ஜெர்சி சிட்டியிலேயே சின்ன கான்ட்ராக்ட் ஒன்று கிடைத்து, மறுபடி ரயிலேற ஆரம்பித்தார்.

திரும்பவும் ஆயுத பூஜை வந்தது. என் கார், அவர் கார், பனி தள்ளும் மெஷின், புல் வெட்டும் மெஷின். கராஜ் வாசலில் தட்டோடு நின்றுவிட்டார். நான் மணியை நிறுத்தினேன்.

"என்ன நிக்கறீங்க?"

"இதுக்கு வேண்டாம்ல?"

குளிரில் என் கால் மரத்துக்கொண்டிருந்தது. அடுப்பில் சுண்டல் இருந்தது. "வைங்க. வண்டிதானே அதுவும்" என்றேன். "போன வருஷம் வச்ச அதே எடத்துல வைங்க. தள்ளி வச்சா அதையும் வேற எழுதணும்."

போர்வையைத் தூக்கினார். பழைய வளையத்துக்குள் அளவாகச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தார். ஈரம் காயும் முன் போனை எடுத்து ஒரு படம் பிடித்து, இது இன்று காலை நான் வைத்தது என்று எழுதி, அத்தனை மாதமாகப் பேசாமலிருந்த டெக்சாஸ்காரருக்கு அனுப்பினார். பிறகு பஞ்சால் ஒற்றி எடுத்தார்.

சுண்டல் சாப்பிடும்போது பதில் வந்தது. படித்துவிட்டுப் போனை என் பக்கம் நகர்த்தினார். "பதிந்துகொண்டேன். இப்போதுதான் இதை நிஜமாகவே பார்த்தேன்" என்று எழுதியிருந்தார் டெக்சாஸ்காரர்.